மினோகுரா மோட்டார்ஸின் ஒரே இளைஞர்

மினோகுரா மோட்டார்ஸில் வேலை பார்த்த ஒகிட்சுவுக்கு வயது முப்பத்தாறு. உச்சந்தலையில் வழுக்கை எட்டிப் பார்த்தாயிற்று. இடுப்பு பிடித்துக்கொண்டால் இரண்டு நாள் குனிய முடியாது. மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஆனாலும் கம்பெனியின் பார்வையில் அவர் இளைஞர். பொருளாதாரம் படுத்த வருடத்தில் கடைசியாக வேலைக்கு எடுக்கப்பட்டவர் அவர்தான். அதன்பிறகு வடிவமைப்புப் பிரிவில் ஒரு ஈ காக்கைகூடச் சேரவில்லை. அங்கே மூப்பு என்பது பிறந்த தேதியைப் பொறுத்ததல்ல, சேர்ந்த தேதியைப் பொறுத்தது. ஆகவே ஒகிட்சு கூட்டங்களில் கதவோரம் உட்கார்ந்தார். விருந்துகளில் எல்லோருக்கும் பீர் ஊற்றினார். காரில் போகும்போது டிரைவர் பக்கத்தில், எல்லோருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்ததும் ஓடிவந்து பின்கதவைத் திறந்துவிட்டார். எல்லோரும் அவரை ஒகிட்சு-குன் என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடப் பையன்களைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

வசந்தத்தில்தான் அவர் மானம் முழுசாகக் கப்பலேறும். செர்ரி பூத்துவிட்டால் பிரிவு மொத்தமும் பூங்காவுக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்து குடித்தாக வேண்டும். சாயங்காலம் மேலதிகாரிகள் வந்து உட்காருவதற்கு, விடிந்ததிலிருந்தே யாராவது நீலத் தார்ப்பாய் விரித்து இடம் பிடித்துக் காவல் இருக்க வேண்டும். மற்ற கம்பெனிகளில் அந்த மாதம் சேர்ந்த பொடிசுகள் அந்த வேலையைச் செய்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒகிட்சுவும் வருடா வருடம் முழங்காலைக் கட்டிக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வருடம் பக்கத்துத் தார்ப்பாயில் ஷிரானே என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்தவள்.

"உங்க கம்பெனில மேனேஜரே வந்து இடம் புடிப்பாரா? பரவாயில்லையே!" என்றாள்.

"நான் மேனேஜர் இல்லம்மா. நான்தான் கடைசியாச் சேந்தவன்."

"எப்ப சேந்தீங்க?"

ஒகிட்சு வருடத்தைச் சொன்னார். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்ப நான் ரெண்டாங் கிளாஸ்," என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் டீ கொண்டுவருவதாக எழுந்து போனாள்.

அவள் டீ எடுத்துவந்த வண்டியை ஒகிட்சு அப்போதுதான் பார்த்தார். ஒரு வெள்ளைப் பெட்டி வண்டி. பக்கவாட்டில், சோயாப் பனீர் விற்ற ஏதோ தோஃபு கடையின் பெயரைப் பாதி சுரண்டி, முடியாமல் விட்டிருந்தார்கள்.

"உன்னோடதா?"

"ஆமா. தோஃபுக்காரர் கடைய மூடிட்டாரு. அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டாரு."

"கார் வாங்காம இதப் போயி..."

"உள்ள ஒண்ணுமே இல்லீங்க, அதான்! மெத்தை போடலாம், சைக்கிள ஏத்தலாம், நாலு பேரு சம்மணம் போட்டு உக்காந்து மழையப் பாக்கலாம். வேற என்னங்க வேணும்?"

பதினான்கு வருடத்தில் ஒகிட்சு வரைந்ததில் உற்பத்திவரை போனது சிகரெட் சாம்பல் கிண்ணத்தின் மூடி ஒன்றுதான். அன்று மதியச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் அவர் ஒரு பெட்டி வரைந்தார். நான்கு சக்கரம், நேரான சுவர்கள், தட்டையான தரை. அவ்வளவுதான். வரைந்து முடித்ததும் மூடியைப் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

மறுவாரம் நிர்வாக இயக்குநர் குராஹாஷி கூப்பிட்டனுப்பினார். ஐம்பத்தொன்பது வயது, சாயம் பூசிய தலை. யாராவது கதவைத் திறக்காமல் எந்த அறைக்குள்ளும் அவர் நுழைந்ததை யாரும் பார்த்ததில்லை.

"ஒகிட்சு-குன், நம்ம கார் வாங்கறவங்களோட சராசரி வயசு என்ன தெரியுமா? அறுபத்துமூணு. விசுவாசமான ஜனங்க. நம்மள விட்டு வேற கம்பெனிக்குப் போகவே மாட்டாங்க. நேரா சுடுகாட்டுக்குத்தான் போறாங்க. ஆக, நமக்கு இளைஞர்கள் வேணும். போட்டிக்காரன் பெட்டி மாதிரி ஒரு வண்டி போட்டு அள்ளு அள்ளுன்னு அள்ளறான். நாமளும் பெட்டி போடறோம். அதுக்குக் குழுவுல ஒரு இளைஞர் வேணும். தேடினோம். நீதான் இருக்கே."

"சார், எனக்கு முப்பத்தாறு..."

"வயசப் பத்தி யார் கேட்டா? வண்டி வித்துதுன்னு வை, அடுத்த ஏப்ரல் உனக்குக் கீழ ஒரு ஆள் எடுப்போம்."

ஒகிட்சு மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். எனக்குக் கீழே ஒரு ஆள். கதவோரத்து நாற்காலியில் வேறொருவர். தார்ப்பாயை வேறொருவர் விரிக்க, சாயங்காலம் கை வீசிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரலாம். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஒரு மனிதனின் ஆசையை இந்த அளவுக்குச் சுருக்கிக் கொண்டுவருவதற்குக் கம்பெனி மிகவும் பாடுபட்டிருந்தது.

இளைஞர் கார்க் குழுவில் ஒகிட்சுவைத் தவிர மற்ற எல்லோருக்கும் மூட்டுவலி இருந்தது. முதல் கூட்டத்தில் அவர் தன் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, தோஃபு வண்டியைப் பற்றிச் சொன்னார். "உள்ளே ஒன்றுமில்லாததுதான் இளைஞர்களுக்குப் பிடித்திருக்கிறது" என்று முடித்தார். குழு குறிப்பெடுத்துக்கொண்டது.

குராஹாஷி நெகிழ்ந்துபோனார். "அருமை! இளைஞர்கள் ஒண்ணுமில்லாததத்தான் கேக்கறாங்க. ஆனா ஒண்ணு, ஒண்ணுமில்லாதத அப்படியே சும்மா குடுத்தா நாம என்னத்துக்கு இருக்கோம்? அதுக்கும் ஒரு தரம் வேணாமா? ஒரு மினோகுரா தரம்?"

ஆகவே 'ஒன்றுமில்லா வசதித் தொகுப்பு' என்று ஒன்று ஏற்பாடாயிற்று. அதற்குத் தனி விலை. விலை வைத்த பிறகு உள்ளே ஏதாவது இருந்தாக வேண்டும் என்று துணைக் குழு கண்டுபிடித்தது. அப்புறம் அதில் குடை வைக்கும் குழாய், மூடி போட்ட டீக் கோப்பைக்குத் தாங்கி, கைதுடைக்கும் காகிதத்துக்கு மரப்பெட்டி, ஷூ மாட்ட உதவும் நீளக் கரண்டி எல்லாம் சேர்ந்தன.

"இளைஞர் என்ன சொல்றார்?" என்று குராஹாஷி கேட்டார். எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

"நல்லா இருக்கு சார்," என்றார் ஒகிட்சு.

பிறகு இருக்கைப் பிரிவுத் தலைவர் மகாபே எழுந்தார். காரில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வேறெதிலும் அவருக்கு ஆர்வமும் இல்லை.

"ஒரு சந்தேகம். நாலு இளைஞர்கள் இந்த வண்டில ஏர்றாங்கன்னு வைங்க. யாரு எங்க உக்காருவாங்க?"

"முதல்ல வர்றவங்க எங்க வேணாலும் உக்காந்துப்பாங்க," என்றார் ஒகிட்சு.

ஒருவர் டீயைக் கீழே வைத்தார். இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கேட்டதற்கும் கண்ணாடிக்கும் சம்பந்தம் இருப்பதைப்போல.

"அப்போ மேலிருக்கை எது?" என்று மகாபே மெதுவாகக் கேட்டார்.

டிரைவருக்குப் பின்னாலிருப்பது மேலிருக்கை. பின்வரிசையின் மறுகோடி அடுத்தது. அப்புறம் நடு. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஒகிட்சு. இது ஒரு மோட்டார் கம்பெனிக்கு மூச்சு விடுவதைப் போன்ற விஷயம். இளைஞர்களின் உலகத்தில் மேலிருக்கை என்ற ஒன்று இல்லாமலிருக்கலாம் என்பதை அந்த அறையில் யாராலும் எண்ணிப் பார்க்க முடியவில்லை. குராஹாஷி எழுந்து மேஜையில் இரு கைகளையும் ஊன்றினார்.

"நான் சேந்தப்ப முன்னால உக்காந்தேன். மடியில ஏழு பை. ஜன்னல் தெரியாது. நாப்பது வருஷம் பட்டு, ஒவ்வொரு இடமா நகந்து நகந்து டிரைவருக்குப் பின்னால போய்ச் சேந்தேன். அந்த இடத்துல எவனோ ஒருத்தன், முதல்ல வந்தேங்கற ஒரே காரணத்துக்காகக் குந்திக்கிட்டான்னா, நான் வாழ்ந்ததுக்கு என்னய்யா அர்த்தம்? இளைஞர்களுக்குச் சுதந்திரம் வேணும், நான் இல்லேங்கல. எங்க உக்காரறதுங்கற குழப்பத்துலேருந்து சுதந்திரம். அத நாம குடுப்போம்!"

கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பெட்டிக்குள் மேலிருக்கை வளரத் தொடங்கியது. முதலில் அகலமாயிற்று. பிறகு கால் நீட்டும் பலகை வந்தது. தலைசாயும் இடத்தில் வெள்ளை லேஸ் துணி வந்தது. லேஸ் வந்ததும், வெயில் படக்கூடாதென்று திரைச்சீலையும் வந்தது. கால் நீட்ட இடம் போதாமல் வண்டி பின்பக்கம் நீண்டது. நேரான முகப்பைப் பார்த்த குராஹாஷி, "இது யாருக்குமே தலைகுனியாத மூஞ்சி. திமிர் தெரியுது," என்றார். முகப்பு சரிந்து, மூக்கு தாழ்ந்து, வண்டி வணக்கம் சொல்லும் நிலைக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் இளைஞரைக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இளைஞர், "நல்லா இருக்கு," என்றார். மனசுக்குள் அடுத்த ஏப்ரலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியாக மகாபே ஒரு போடு போட்டார். "மேலிருக்கைக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி எதுக்குங்க? அங்க உக்கார்றவர் தானாக் கதவத் தொறக்கமாட்டாரு. கீழ உள்ளவர் ஓடிவந்து தொறப்பாரு. கைப்பிடி வச்சா, கீழ உள்ளவர் வரமாட்டாருன்னு நாமளே சந்தேகப்படற மாதிரி ஆயிடும்."

"கட் பண்ணு!" என்றார் குராஹாஷி. கைப்பிடி போயிற்று. அரசாங்கத்துக்குக் குழந்தைப் பாதுகாப்பு வசதி என்று எழுதிப் போட்டார்கள். மற்ற கதவுகளில் கைப்பிடி இருந்தது, ஏனென்றால் அங்கே உட்காருபவர்கள் ஓடவேண்டியவர்கள்.

முடிவான படத்தை ஒகிட்சு வீட்டுக்கு எடுத்துப்போனார். அவர் மனைவி சனாயே கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"பெட்டியக் காணோமே?"

"இதான் பெட்டி."

"இதுவாங்க? சவத்துக்கு முன்னால போற வண்டி மாதிரில்ல இருக்கு? நீங்க ஒரு வார்த்த சொல்லலியா?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மனசாரவா சொன்னீங்க?"

"ஒரு ஆள் எடுக்கறாங்க சனாயே. அடுத்த வருஷம் நான் தார்ப்பாய் விரிக்க வேண்டாம்."

சனாயே படத்தைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தாள். அவர் தன்னைப் பற்றி நினைத்ததைவிட அவள் அவரைப் பற்றிக் கொஞ்சம் உயர்வாக நினைத்திருந்தாள். அன்று அதையும் சரிசெய்துகொண்டாள். ஒகிட்சுவுக்கு அது தெரிந்தது, வலிக்கவும் செய்தது.

வண்டிக்கு முதலில் ஹாகோ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெட்டி என்றுதான் அர்த்தம். வெறும் பெட்டி என்றால் மதிப்பில்லை என்று ஹாகோ ராயல் ஆக்கினார்கள். கறுப்பு நிறத்தில் மட்டும் கிடைத்தது. நூறு சதவீத இளைஞர்கள் இதை விரும்புவதாகக் கருத்துக்கணிப்பு சொன்னது. கருத்துக்கணிப்பில் கேட்கப்பட்டவர் ஒகிட்சு. அறிமுக விழாவில் அவருக்குத் தொப்பியைத் திருப்பிப் போட்டுவிட்டு, இளவட்டங்கள் ஏறி ஓட்டும் சக்கரப் பலகை ஒன்றைக் கக்கத்தில் கொடுத்து மேடையில் நிறுத்தினார்கள். வழுக்கை மறைந்ததில் மட்டும் அவருக்குச் சின்னத் திருப்தி.

ஹாகோ ராயல் நன்றாக விற்றது. மினோகுராவுக்குத் திருகாணி கொடுப்பவர், ரப்பர் கொடுப்பவர், உணவகத்துக்கு அரிசி கொடுப்பவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லா முதலாளிகளும் மனமுவந்து ஆளுக்கொன்று வாங்கினார்கள். மனமுவக்காதவர்களிடம் மினோகுரா அடுத்த மாதம் திருகாணி வாங்கவில்லை. இளைஞர்கள் கடை வாசல்வரைகூட வரவில்லை. வராதவர்களை எண்ணும் வழக்கம் கம்பெனியில் கிடையாது என்பதால் அது யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் கடைசியில் குராஹாஷிக்கு அறுபது முடிந்தது. பூங்கொத்து, பேச்சு, கண்ணீர், எல்லாம் நடந்தது. ஏப்ரல் முதல் தேதி ஒகிட்சு சீக்கிரமே ஆபீசுக்கு வந்து கதவோரத்து நாற்காலியைத் துடைத்து வைத்தார். வரப்போகும் புதியவருக்குக் கொடுக்க நல்ல வரைபேனா ஒன்று வாங்கி, சட்டைப்பையில் வைத்திருந்தார். அந்தப் பையனிடமோ பெண்ணிடமோ முதல் நாளே, "பைய நீயே சுமக்காதே, நான் பாதி வாங்கிக்கறேன்," என்று சொல்லிவிட வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தார்.

கதவை ஒருவர் திறந்து பிடித்தார். குராஹாஷி உள்ளே வந்தார்.

பணியாளர் பிரிவுத் தலைவர் அறிமுகம் செய்துவைத்தார். "இவர் இன்னிக்குப் புதுசாச் சேந்திருக்காரு. ஓய்வுபெற்றவர மறுபடி எடுத்தா, அந்தத் தேதிதான் சேந்த தேதி. விதி அப்படி. ஆக, இந்தப் பிரிவோட இளைஞர் இனிமே இவர்தான்."

"இளைஞர் காரை உருவாக்கினேன். அந்த வேகத்துல நானே இளைஞனாயிட்டேன்!" என்றார் குராஹாஷி. எல்லோரும் சிரித்தார்கள். "விதின்னா விதி. இந்த வருஷம் தார்ப்பாய நானே விரிக்கிறேன். போட்டோ எடுத்துக் கம்பெனிப் பத்திரிகைல போடுங்க."

ஒகிட்சு ஒரு நாற்காலி உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார். கேட்டது கிடைத்துவிட்டது. வரைபேனா சட்டைப்பையிலேயே இருந்தது.

செர்ரி பூத்தது. அன்று சாயங்காலம் ஒகிட்சு பதினைந்து வருடத்தில் முதன்முறையாகக் கை வீசிக்கொண்டு பூங்காவுக்குப் போனார். மகாபேயும் மற்றவர்களும் பீர்ப் பெட்டிகளுடன் புல்தரையில் நின்றுகொண்டிருந்தார்கள். தார்ப்பாய் இல்லை. மினோகுராவின் வழக்கமான மரத்தடியில் ஏதோ ஆஸ்பத்திரி நர்ஸுகள் உட்கார்ந்து, கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு ஹாகோ ராயல் நின்றது. திரைச்சீலை போட்டிருந்தது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளேயிருந்து லேசாகத் தட்டும் சத்தம் வந்தது.

மகாபே குனிந்து பார்த்தார். மேலிருக்கையில் குராஹாஷி, மடியில் மடித்த தார்ப்பாயுடன் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் ஒரு விரலளவு திறந்திருந்தது.

"காலைலேருந்து இங்கயேவா இருக்கீங்க?"

"டிரைவர் வண்டிய நிறுத்தினான். போகலாம்னு தலையாட்டினேன், போய்ட்டான். யாராவது வந்து தொறப்பாங்கன்னு உக்காந்திருக்கேன். எப்பவும் தொறப்பாங்களே?"

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"புதுசாச் சேந்தவன் மேல உள்ளவங்களுக்குப் போன் பண்ணித் தொந்தரவு குடுக்கக் கூடாது. விதி நான் எழுதினதுதான்."

"அந்தப் பக்கக் கதவுல கைப்பிடி இருக்கே, அப்படியே நகந்து..."

"மேலிருக்கைலேருந்து கீழிருக்கை வழியாவா எறங்கறது?" குராஹாஷியின் குரலில் பழைய கம்பீரம் ஒரு நொடி திரும்பி வந்தது. பிறகு, தாழ்ந்த குரலில், "கொஞ்சம் சீக்கிரம் தொறங்கய்யா. அந்தத் தாங்கில வச்ச டீய மொத்தமாக் குடிச்சிட்டேன்," என்றார்.

மகாபே கையை நீட்டினார். பாதியில் நிறுத்தி, பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மற்றவர்களும் அவரைப் பார்த்து நின்றார்கள்.

"ஒரு சிக்கல் இருக்கு," என்றார் மகாபே. "கதவு தொறக்கறது கீழ உள்ளவரோட வேலை. இவருக்குக் கீழ நம்ம பிரிவுல யாருமே இல்ல. மேல உள்ள நாம தொறந்தா, இவர அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும். நம்மளயும்தான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த இடத்திலேயே, சேர்ந்த தேதிப்படி வரிசையாக நின்று, ஆலோசனை தொடங்கினார்கள். உள்ளே குராஹாஷி காலை ஒடுக்கிக்கொண்டு, ஜன்னல் இடைவெளி வழியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பதினைந்து நிமிடம் கழித்து எல்லோருடைய பார்வையும் பழக்க தோஷத்தில் வரிசையின் கடைசியில் நின்ற ஒகிட்சு மேல் வந்து விழுந்தது.

ஒகிட்சுவின் வலது கை தானாக எழுந்தது. அதற்கும் பழக்கம்தான். அவர் அதைப் பார்த்தார். எத்தனை கதவுகளைத் திறந்த கை. நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லும்போதெல்லாம் மேஜைக்கடியில் பேனாவை இறுக்கிப் பிடித்திருந்ததும் இந்தக் கைதான். அவர் அதைச் சட்டைப்பைக்கு அனுப்பினார். வரைபேனாவை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"ஒகிட்சு-சான்! இங்க வாங்க, இடம் இருக்கு!" என்று, பெரியவர்களைக் கூப்பிடும் முறையில், தூரத்திலிருந்து ஷிரானே கத்தினாள். தோஃபு வண்டியின் பின்கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளேயும் வெளியேயுமாக அட்டைப்பெட்டிக்காரர்கள் கண்டபடி உட்கார்ந்திருந்தார்கள். அதில் யார் மேலே, யார் கீழே என்று மகாபேயாலும் சொல்ல முடியாது.

ஒகிட்சு கறுப்பு வண்டியின் அருகே போனார். ஜன்னலின் விரலளவு இடைவெளியில் வாயை வைத்து, மற்றவர்களுக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னார்:

"கவலைப்படாதே, குராஹாஷி-குன். வண்டி நல்லா வித்துக்கிட்டுதான் இருக்கு. அடுத்த ஏப்ரல் உனக்குக் கீழ ஒரு ஆள் எடுப்போம். அவன் வந்து தொறப்பான்."

சொல்லிவிட்டு, தோஃபு வண்டியை நோக்கி நடந்தார்.